3.9 லட்சம் கடன், 15,000 ரூபாய் சம்பளம்... பயாலஜி பட்டம் படிக்கும் முன் வீட்டில் போட வேண்டிய கணக்கு!

வீட்டுக் கணக்கு - வாரத் தொடர்

மே மாதத்து மதியம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து நான்கு நாளாகிறது. சோமனூர் பக்கம் ஒரு விசைத்தறிக்காரர் வீடு. பின்கட்டில் தறி ஓடும் சத்தம். திண்ணையில் மூன்று கல்லூரிகளின் வழவழப்பான கையேடுகள்.

“அம்மிணி மைக்ரோபயாலஜிதான் படிப்பேங்குது” என்கிறார் அம்மா.

“படிச்சா என்ன சம்பளம் வரும்னு கேட்டியா?” என்கிறார் அப்பா.

திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் மாமா சிரிக்கிறார். “நம்ம டெய்லருக்கே அதைவிட ஜாஸ்தி வருதுங்க மச்சான்.”

“எனக்குத் துணி தைக்க வராதுங்க மாமா. லேப்தான் புடிச்சிருக்கு” என்கிறாள் பெண்.

“புள்ளை ஆசைப்பட்டதைப் படிக்கட்டும் சாமி. கடன் வாங்குனா அடைச்சுக்கலாம்” என்று முடிக்கிறார் அப்பத்தா.

இது ஒரு மாதிரிக் காட்சிதான். ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் கோடைதோறும் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. இதில் யார் பேசியதும் தப்பில்லை. பெண்ணின் ஆசை நியாயம். அப்பாவின் கேள்வியும் நியாயம். ஒரு குறைதான்... யாரும் பேப்பரும் பேனாவும் எடுக்கவில்லை. இந்த வாரம் அதை எடுப்போம்.

கடன் எப்படி வளர்கிறது?

ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கல்லூரியில் கூடலாம், குறையலாம். அந்த எண்ணை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு 3,90,000 ரூபாய்.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 4 லட்சம் வரை கையிலிருந்து பங்கு எதுவும் போட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். அதன்பின் 15 ஆண்டு வரை கட்டலாம்.

கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால், தவணைதான் நிற்கிறது. வட்டி நிற்பதில்லை.

வட்டி 10 சதவிகிதம் என்று வையுங்கள். முதல் ஆண்டு வாங்கிய 1,30,000-க்கு நான்கு ஆண்டு வட்டி 52,000. இரண்டாம் ஆண்டு வாங்கியதற்கு மூன்று ஆண்டு வட்டி 39,000. மூன்றாம் ஆண்டு வாங்கியதற்கு இரண்டு ஆண்டு வட்டி 26,000. மொத்தம் 1,17,000. இது தனி வட்டிதான், கூட்டு வட்டிகூட இல்லை.

ஆக, முதல் தவணை கட்டும் அன்று கடன் 3,90,000 அல்ல... 5,07,000 ரூபாய்.

இதை அடைக்க மூன்று வழிகள்:

* 7 ஆண்டில் என்றால் மாதம் சுமார் 8,417 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 7.07 லட்சம்.
* 10 ஆண்டில் என்றால் மாதம் சுமார் 6,700 ரூபாய். மொத்தம் சுமார் 8.04 லட்சம்.
* 15 ஆண்டில் என்றால் மாதம் சுமார் 5,448 ரூபாய். மொத்தம் சுமார் 9.8 லட்சம்.

மாதத் தொகை சின்னதாகத் தெரிகிறதே என்று 15 ஆண்டைத் தேர்ந்தெடுத்தால், 21 வயதில் கட்ட ஆரம்பிக்கும் பெண் 36 வயதில்தான் முடிப்பாள். அப்போது அவளுக்கு ஒரு குழந்தை இருந்தால், அது பள்ளிக்கூடம் போகும் வயதில் இருக்கும்.

இப்போது சம்பளம் பக்கம்...

பி.எஸ்சி. மட்டும் முடித்து ஒரு தனியார் லேபிலோ, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலோ சேரும் பெண்ணுக்கு முதல் சம்பளம் கையில் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டுத் தவணை 6,700 ரூபாய். சம்பளத்தில் கிட்டத்தட்ட 45 சதவிகிதம் வங்கிக்கே போய்விடும். மிச்சம் 8,300. கோவையில் லேடீஸ் ஹாஸ்டல், சாப்பாடு, பஸ், போன் ரீசார்ஜ் என்று பார்த்தால் அதில் என்ன மிஞ்சும்? அப்பா அனுப்பும் பணத்தில்தான் மகள் ‘வேலைக்குப்’ போய்க்கொண்டிருப்பாள்.

மேலைநாடுகளில் கல்விக்கடன் ஆலோசகர்கள் ஓர் எளிய விதி சொல்வார்கள். வாங்கும் மொத்தக் கடன், படித்து முடித்தபின் கிடைக்கும் முதல் ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. நம் கணக்குக்கு இதைப் போட்டால் 15,000-ஐ 12-ஆல் பெருக்க 1,80,000 ரூபாய். அவ்வளவுதான் தாங்கும். கட்ட ஆரம்பிக்கும்போது கடன் அந்த அளவில் இருந்தால், 10 ஆண்டுத் தவணை சுமார் 2,380 ரூபாய். மூச்சு முட்டாது.

பிரிட்டனில் மாணவர் கடனுக்கு ஒரு வசதி உண்டு. குறிப்பிட்ட வருமானத்தைத் தாண்டினால்தான், அதுவும் தாண்டிய தொகையில் 9 சதவிகிதம் மட்டும், பிடித்துக்கொள்வார்கள். சம்பளம் குறைந்தால் பிடித்தமும் குறையும். ஆஸ்திரேலியாவிலும் 1989 முதல் வருமானத்தோடு இணைந்த கடன் முறைதான். நம் ஊர் வங்கிக் கடனில் அப்படியில்லை. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தேதி வந்தால் தவணை வரும். அதனால்தான் கணக்கை முன்கூட்டியே போட வேண்டியிருக்கிறது.

அப்போ... பயாலஜி வேண்டாமா?

இங்கேதான் பல வீடுகளில் அவசர முடிவு எடுக்கிறார்கள். “சம்பளம் வராதாம், பி.காம். போடு” என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

உண்மையில் உயிரியல் படிப்பின் குணமே வேறு. அது மூன்று ஆண்டில் பலன் தரும் பயிர் அல்ல. தென்னை மாதிரி. நட்டவுடன் காய்க்காது. நல்ல வருமானம் வரும் வேலைகள் பெரும்பாலும் எம்.எஸ்சி.க்குப் பிறகோ, பி.எட்.டுக்குப் பிறகோ, நெட் தேர்வுக்குப் பிறகோதான் ஆரம்பிக்கின்றன.

சில உதாரணங்கள்:

* சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியல் பிரிவில் ஜே.ஆர்.எஃப். பெற்று பி.எச்டி. சேர்ந்தால், மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. பிறகு எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000. வீட்டு வாடகைப்படி தனி.
* தமிழக அரசுப் பள்ளியில் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியரின் ஊதிய விகிதம் 36,900-ல் ஆரம்பித்து 1,16,600 வரை. இதற்கு எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும்.
* பட்டதாரி ஆசிரியருக்கு 36,400 முதல் 1,15,700 வரை. பி.எஸ்சி., பி.எட்., டெட் தேர்ச்சி வேண்டும்.

இவை எல்லாருக்கும் கிடைக்கும் வேலைகள் அல்ல. போட்டி கடுமையானது. ஆசிரியர் பணிக்கு ஆண்டுதோறும் ஆள் எடுப்பதும் இல்லை. ஆனால், பாதை ஐந்து, ஆறு ஆண்டு நீளமானது என்பது தெளிவு.

பாதை நீளமானது என்றால், கையில் இருக்கும் சாப்பாட்டை முதல் மைல் கல்லிலேயே தின்று தீர்க்கக் கூடாது. இந்த வாரக் கணக்கின் சாரம் அதுதான். உயிரியல் படிக்க வேண்டும் என்றால் கடன் வாங்கும் சக்தியை முதல் மூன்று ஆண்டில் கரைக்காதீர்கள். பின்னால் வரும் இரண்டு ஆண்டுகளுக்கு வைத்திருங்கள்.

ஒரே பெண், ஒரே எம்.எஸ்சி., இரண்டு பாதை

முதல் பாதை: பி.எஸ்சி.யும் சுயநிதிக் கல்லூரி, விடுதி. எம்.எஸ்சி.யும் அப்படியே. ஆண்டுக்கு 1,30,000 வீதம் ஐந்து ஆண்டுக்கு 6,50,000 ரூபாய் கடன். படித்து முடித்து ஓராண்டு கழிவதற்குள் வட்டி மட்டும் 2,60,000. மொத்தம் 9,10,000. 10 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 12,026 ரூபாய்.

இரண்டாம் பாதை: பி.எஸ்சி.யை வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கும் அரசுக் கல்லூரியிலோ, அரசு உதவிபெறும் பிரிவிலோ, கடன் இல்லாமல் முடிக்கிறாள். எம்.எஸ்சி.க்கு மட்டும் இரண்டு ஆண்டு 2,60,000 ரூபாய் கடன். வட்டி 65,000. மொத்தம் 3,25,000. 10 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 4,295 ரூபாய்.

கடைசியில் இருவர் கையிலும் இருப்பது ஒரே எம்.எஸ்சி. சான்றிதழ். மாதத் தவணையில் மட்டும் 7,700 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். முதல் பாதையில் வந்தவள் கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாம் பாதையில் வந்தவளால் ஆறு மாதம் நெட் தேர்வுக்குப் படிக்க முடியும். பணத்தைவிடப் பெரிய வித்தியாசம் அது.

‘எய்டடா, செல்ஃபா?’ - கேட்க வேண்டிய முதல் கேள்வி

கோவையில் பழைய கல்லூரிகள் பலவற்றில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு கணக்கு உண்டு. அரசு உதவிபெறும் பிரிவு ஒன்று, சுயநிதிப் பிரிவு ஒன்று. ஒரே கேட், ஒரே கேன்டீன். கட்டணம் மட்டும் வேறு வேறு. அட்மிஷன் கவுன்ட்டரில், “இந்த கோர்ஸ் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?” என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கோவை அரசு கலைக் கல்லூரி 1852-ல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, உடுமலைப்பேட்டை, மேட்டுப்பாளையம், நாமக்கல்லில் அரசுக் கல்லூரிகள் என்று கொங்கு வட்டாரத்தில் பஸ் தூரத்தில் வாய்ப்புகள் இருக்கின்றன. காட்டுயிர் மேல் ஆர்வம் என்றால், ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் காட்டுயிர் உயிரியல் என்றே தனிப் படிப்பு உண்டு. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு என்று பார்த்து விண்ணப்பிக்க வேண்டும்.

சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. விடுதிச் செலவோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயமல்ல.

அடுத்து, அரசு தரும் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்த மாணவிகளுக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ம் தேதி, இதே கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு.

ஆயிரம் ரூபாய் என்ன பெரிய தொகையா என்று தோன்றலாம். நம் கணக்கைத் திரும்பப் பாருங்கள். முதல் ஆண்டு கடனான 1,30,000-க்கு ஒரு மாத வட்டி 1,083 ரூபாய். அந்த ஆயிரத்தை அப்படியே வங்கிக்குத் திருப்பினால் முதல் ஆண்டு வட்டியில் பெரும்பகுதி ஏறாது. படிக்கும்போதே முழு வட்டியையும் கட்டிக்கொண்டு வந்தால், 10 ஆண்டுத் தவணை 6,700-லிருந்து சுமார் 5,154 ஆகக் குறையும். படிக்கும் காலத்தில் வட்டி கட்டுபவர்களுக்கு 1 சதவிகிதம் வரை வட்டிச் சலுகை தரும் வங்கிகள் உண்டு. பெண்களுக்கு அரை சதவிகிதம் குறைக்கும் பொதுத்துறை வங்கிகளும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

பிளஸ் டூவில் அதிக மார்க் வாங்கியவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பையர் உதவித்தொகை இருக்கிறது. தங்கள் போர்டில் முதல் 1 சதவிகிதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை. மூன்று ஆண்டுக்கு 2,40,000. தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பயோடெக்னாலஜி அதில் இல்லை.

பட்டத்தின் பெயரும் ஒரு சாவிதான்

மேலே சொன்ன கடைசி வரியை மறுபடி படியுங்கள். பாடம் பாதிக்குப் பாதி ஒன்றாக இருந்தாலும், சான்றிதழில் இருக்கும் பெயர் சில கதவுகளைத் திறக்கிறது, சிலவற்றை மூடுகிறது.

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கான மத்திய விதிகளில் பயோடெக்னாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி பட்டங்கள் இருக்கின்றன. வெறும் தாவரவியலோ விலங்கியலோ அந்த வரிசையில் இல்லை. அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் பணியில் அப்படியே தலைகீழ். அங்கே உயிரியல் பக்கத்தில் கேட்பது தாவரவியலும் விலங்கியலும்தான். வேறு பெயரில் பட்டம் என்றால், அதற்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று தேட வேண்டும். மருத்துவமனை லேப் டெக்னீஷியன் வேலைக்கு டி.எம்.எல்.டி. அல்லது பி.எஸ்சி. எம்.எல்.டி. கேட்பார்கள். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்தவர் அங்கே போய், “நானும் இதைத்தானே படித்தேன்” என்று சொன்னால் எடுபடாது.

“டீச்சர் ஆகணும்” என்பவளுக்கும், “லேப்ல வேலை பார்க்கணும்” என்பவளுக்கும் வேறு வேறு பட்டம். எந்த கோர்ஸ் மாடர்னாக ஒலிக்கிறது என்பதை வைத்து முடிவெடுத்தால், மூன்று ஆண்டு கழித்துத்தான் கதவு மூடியிருப்பது தெரியும்.

மாமாவுக்கு ஒரு பதில்

“பயாலஜிக்கு நம்ம ஊர்ல என்ன வேலை?” என்ற கேள்விக்குக் கோவையின் வரலாறே ஒரு பதில். 1912-ல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் ஆரம்பமானது. பார்பர், டி.எஸ்.வெங்கட்ராமன் இருவரும் நாட்டுக் கரும்போடு காட்டுக் கரும்பு இனத்தைச் சேர்த்து உருவாக்கிய ‘கோ 205’ ரகம் 1918-ல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. அந்த ‘கோ’ என்பது கோயம்புத்தூர். 1930-களில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் இங்கே கரும்பின் மரபணு ஆராய்ச்சி செய்தார். பின்னாளில் பத்மஸ்ரீ பெற்றார். இன்று வேளாண் பல்கலைக்கழகம், வன மரபியல் நிறுவனம், ஆனைகட்டியில் 1990-ல் தொடங்கிய சலீம் அலி பறவையியல் மையம் என்று உயிரியலைச் சுற்றியே பல நிறுவனங்கள் இந்த ஊரில் நிற்கின்றன.

தொழில் பக்கமும் அப்படித்தான். நாமக்கல்லின் முட்டைக்கும் கோழித் தீவனத்துக்கும் கிருமிப் பரிசோதனை வேண்டும். ஈரோடு மஞ்சள் ஏற்றுமதிக்குத் தரச் சான்று வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, திருப்பூரில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இல்லாமல் தொழிலே இல்லை என்றானது. அந்தச் சுத்திகரிப்பில் ஒரு கட்டத்தை பாக்டீரியாக்கள்தான் செய்கின்றன. ஆக, மாமாவின் பனியன் கம்பெனிக்குச் சாயம் போட்டுத் தரும் பட்டறை ஓடுவதற்கும் மைக்ரோபயாலஜி தெரிந்த ஒருவர் எங்கோ தேவைப்படுகிறார். மருத்துவமனைகள், கருத்தரிப்பு மையங்கள், திசு வளர்ப்பு வாழைக் கன்று லேப்கள் இன்னொரு பக்கம்.

வேலை இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் ஆரம்பச் சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். 6,700 ரூபாய்த் தவணையைச் சுமந்துகொண்டு அந்த மெதுவான இரண்டு, மூன்று ஆண்டுகளைத் தாண்டுவது கஷ்டம். 2,000 ரூபாய்த் தவணையோடு தாண்டலாம்.

கையேட்டை நம்பாதீர்கள், இந்தக் கோப்பைத் தேடுங்கள்

‘100 சதவிகித பிளேஸ்மென்ட்’ என்று எந்தக் கையேடும் சொல்லும். அதைச் சரிபார்க்க இலவச வழி ஒன்று உண்டு. மத்திய கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கல்லூரிகள் ஆண்டுதோறும் தரவு கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். கல்லூரிப் பெயரோடு ‘என்.ஐ.ஆர்.எஃப். டேட்டா’ என்று போனில் தேடுங்கள்.

அதில் நான்கு எண்களைப் பாருங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு. இடைநிலை என்றால் நடுவில் நிற்பவரின் சம்பளம். வேலை கிடைத்தவர்களில் பாதிப்பேர் அதற்குக் கீழேதான் வாங்குகிறார்கள். வேலை கிடைக்காதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. இன்னொன்று, அது முழுக் கல்லூரிக்குமான எண். பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களும் அதில் சேர்த்தி. அதனால், துறைத் தலைவரிடம் நேராகக் கேளுங்கள்... “போன வருஷம் உங்க டிபார்ட்மென்ட்ல முடிச்சவங்க இப்ப எங்க இருக்காங்க சார்?” நல்ல துறைத் தலைவர் விரல்விட்டுச் சொல்வார்.

வட்டி மானியம்... யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

“படிக்கிற வரைக்கும் வட்டியை கவர்ன்மென்ட் கட்டிரும்” என்று பேசிக்கொள்வார்கள். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அந்தத் திட்டம் உண்மைதான். ஆனால், அது தொழில்நுட்ப, தொழில்முறைப் படிப்புகளுக்கு. சாதாரண பி.எஸ்சி. அதில் வரும் என்று நம்பி உட்கார வேண்டாம். வங்கியில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் வேறு. தரவரிசையில் முன்னால் இருக்கும் கல்வி நிறுவனங்களில் மெரிட்டில் சேர்ந்தவர்களுக்கானது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்கு, தவணை இல்லாத காலத்தில் 3 சதவிகித வட்டி மானியம். ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் பொருந்தாது. கோவைக் கல்லூரிகள் சில தரவரிசையில் முன்வரிசையில் இருப்பவை. உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே கடன் வாங்கியாச்சா?

பயப்பட வேண்டாம். ஒளியவும் வேண்டாம். கூட்டுக் கடன்தாரர் அப்பா என்பதால், மகள் தவணை தவறினால் அப்பாவின் சிபில் ஸ்கோரும் விழும். நாளைக்குத் தறிக்கோ, போர்வெல்லுக்கோ அவர் கடன் கேட்டுப் போனால் இது குறுக்கே நிற்கும். அதனால், முதல் தவணை தவறுவதற்கு முன்பே வங்கி மேலாளரைப் பாருங்கள்.

வேலை இல்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்கவும், ஆரம்பத்தில் குறைவாகவும் பிறகு கூடுதலாகவும் கட்டவும் மாதிரித் திட்டத்தில் வழி இருக்கிறது. மேற்படிப்புக்குப் போனால் தவணை தொடங்குவதை நீட்டிக்கக் கேட்கலாம். முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. தீபாவளி போனஸ் வந்தால் ஒரு பகுதியை அசலில் போடுங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, கட்டும் வட்டிக்கு 80-இ பிரிவில் எட்டு ஆண்டு வரை விலக்கு உண்டு.

வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ, இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது. மிரட்டினால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

கொங்கு வீடுகளில் வாய்விட்டுப் பேசாத விஷயம் இன்னொன்று. பெண் பெயரில் இருக்கும் கடன் கல்யாணத்தோடு மறைந்துவிடாது. நகைக்குக் கணக்குப் போடும்போது இந்தத் தவணைக்கும் கணக்குப் போடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு யார் கட்டுவது என்பதை, சம்பந்தி வீட்டாரிடமும் மாப்பிள்ளையிடமும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. மறைத்துவைத்த கடன்தான் பின்னால் பேச்சாகும்.

கையெழுத்துக்கு முன் ஐந்து வரி

ஒரு வெள்ளைத்தாளில், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள்.

1. படித்து முடிக்கும்வரை மொத்தச் செலவு எவ்வளவு? கட்டணம் மட்டுமல்ல, விடுதி, பஸ், ரெக்கார்டு நோட்டு எல்லாம்.
2. அதில் கைப்பணமும் உதவித்தொகையும் போக, கடன் எவ்வளவு?
3. முதல் தவணை அன்று வட்டியோடு அது எவ்வளவாக நிற்கும்? மாதம் எவ்வளவு?
4. இந்தத் துறையில் போன வருஷம் முடித்தவர்கள் வாங்கும் சம்பளம் எவ்வளவு? கேட்டுத் தெரிந்துகொண்ட எண்தான், கையேட்டில் இருப்பது அல்ல.
5. மூன்று ஆண்டோடு நிறுத்தப்போகிறோமா, ஐந்து ஆண்டு போகப்போகிறோமா?

மூன்றாவது வரியில் வரும் மாதத் தவணை, நான்காவது வரிச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்குள் இருந்தால் தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கல்லூரியை மாற்றுங்கள். படிப்பை மாற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

அந்தத் திண்ணைக்கு வருவோம். மூன்று கையேடுகளும் ஓரமாகப் போய்விட்டன. பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அப்பா எண்களைச் சொல்ல மகள் எழுதுகிறாள். 12,026 என்ற எண்ணைப் பார்த்து அவள் முகம் சுருங்குகிறது. 4,295 வந்ததும் நிமிர்கிறாள்.

“மூணு வருஷம் தினமும் பஸ்ல போய்ட்டு வருவியா அம்மிணி?” என்கிறார் அப்பா.

“போறேங்கப்பா. எம்.எஸ்சி.க்கு மட்டும் ஹாஸ்டல்ல விடுவீங்களா?”

தறிச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா தலையாட்டுகிறார்.